பாலைவனத்துச் சாட்சிகள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவைச் சேர்ந்த தம்பிகள் இருவர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து, "சார், மனித உரிமை பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டார்கள். நான் மேற்குச் சகாராவைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கி, "அங்கே நம்மவர்கள் யாராவது இருக்கிறார்களா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை பின்னால் வருகிறது.

பொன்விழாவுக்கும் அந்தப் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். ஐம்பதாம் ஆண்டு என்ற எண்ணமே லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்திலிருந்து நமக்கு வந்தது. அந்த ஆண்டிலே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும் என்பது கட்டளை: நிலம் அதற்குரியவனிடம் திரும்பிப் போகவேண்டும், அடிமைப்பட்டவன் விடுதலையாகித் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நாமோ கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடித்து, மின்விளக்குப் போட்டு, மலரும் வெளியிட்டுவிட்டோம். நல்லதுதான். ஆனால் நிலமும் சிறையும் இன்றைக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஓர் இடத்தைப் பற்றி இந்நாளில் பேசுவது பொருத்தமென்று எனக்குத் தோன்றியது.

நான் பல ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவன். ஆப்பிரிக்கப் படத்தில் மேற்கு ஓரத்திலே, மொராக்கோவுக்குத் தெற்கே, ஓர் எல்லைக்கோடு மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒரு மாணவன் எழுந்து, "இந்த நாட்டுக்கு மட்டும் ஏன் சார் புள்ளிக்கோடு?" என்றான். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அதன்பிறகு தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டியதைக் காலங்கடந்து உங்களுக்குச் சொல்கிறேன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மேற்குச் சகாரா 2,66,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பெரும்பாலும் மணலும் கல்லும். ஒட்டகம் மேய்த்து, கூடாரம் மாற்றி வாழ்ந்த சஹ்ராவி மக்களின் நிலம். 1884 முதல் ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தது. வெறும் மணல் என்றால் யாரும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். பூ-கிரா என்ற இடத்தில் பாஸ்பேட் பாறை இருக்கிறது. உரம் செய்ய உதவுவது. அங்கிருந்து கடற்கரைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஓடும் பட்டை போட்டு அதைக் கொண்டு வருகிறார்கள். கடலோ மீன்வளம் கொழிக்கும் கடல். சாளையும் பேய்க்கணவாயும் அள்ள அள்ளக் கிடைக்குமாம். கடலை நம்பி வாழும் உங்களுக்கு அதன் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

1970 ஜூன் 17 அன்று எல் ஆயுன் நகரில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து மக்கள் அமைதியாகக் கூடினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த இயக்கத்தை வழிநடத்திய முகம்மது பசீரி என்ற இளைஞர் கைது செய்யப்பட்டார். அதன்பின் அவரை வெளியுலகில் யாரும் கண்டதில்லை. அவருடைய கல்லறை எங்கே என்பதும் இதுவரை தெரியவில்லை. அந்த மண்ணில் காணாமற் போனவர்களின் நீண்ட வரிசையில் முன்னால் நிற்பவர் அவர். அதைச் செய்தது ஒரு கத்தோலிக்க நாட்டின் ஆட்சி என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

1975-இல் நிலைமை வேகமாக மாறியது. அக்டோபர் 16 அன்று ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம் தன் கருத்தைச் சொல்லியது. அங்குள்ள சில குலத்தாருக்கும் மொராக்கோ மன்னருக்கும் பழைய விசுவாசத் தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் அந்த மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையைப் பறிக்கும் அளவுக்கு எந்த ஆட்சியுரிமையும் நிலைநாட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். மூன்றே வாரங்களில், நவம்பர் 6 அன்று, மன்னர் இரண்டாம் ஹசன் 3,50,000 மொராக்கோ மக்களை எல்லை தாண்டி நடக்க வைத்தார். 'பசுமை நடைப்பயணம்' என்று அதற்குப் பெயர். ஸ்பெயின் நவம்பர் 14-இல் மாட்ரிட் நகரில் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1976 பிப்ரவரியில் வெளியேறியது. மொராக்கோ வடக்கிலும் மொரித்தானியா தெற்கிலும் நுழைந்தன. 1973-இல் தோன்றிய போலிசாரியோ முன்னணி இரண்டோடும் போரிட்டது. மொரித்தானியா 1979-இல் விலகிக் கொண்டது. மொராக்கோ 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் அரண் எழுப்பிக் கண்ணிவெடி புதைத்தது. ஆயிரமாயிரமாய்ச் சஹ்ராவிகள் அல்ஜீரியாவின் திந்தூப் பக்கம் ஓடி அகதி முகாம்களில் குடியேறினார்கள். அந்த முகாம்களுக்கு எல் ஆயுன், ஸ்மாரா, தக்லா என்று தாங்கள் விட்டு வந்த ஊர்களின் பெயர்களையே வைத்துக் கொண்டார்கள். 1991 செப்டம்பர் 6-இல் போர் நிறுத்தம் ஆயிற்று. மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. சபை ஒரு தூதுப்படையை அனுப்பியது. 1992-இல் நடந்திருக்க வேண்டிய அந்த வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை.

சரித்திரம் போதும். மனிதரிடம் வருவோம்.

ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்பதிலே தகராறு இருக்கும்போது அங்கே வாழ்பவனுக்கு என்ன ஆகிறது? வேறு இடங்களில் போலீசார் ஒருவனை அடித்தால் அது அடிதடி வழக்கு. அங்கேயோ, அடித்ததை எழுதி வைப்பதே நாட்டுத் துரோகம் ஆகிவிடுகிறது. எழுதுகிறவர் பெயரைக் கேட்பார்கள், பிறகு ஊரைக் கேட்பார்கள். ஊரின் பெயரைச் சொன்ன மாத்திரத்திலே குற்றம் முடிந்துவிட்டது. நாட்டின் நில ஒருமைப்பாட்டைக் கேள்வி கேட்பது மொராக்கோச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆகவே அங்கு மனித உரிமைக் காவலர் என்பவர் முதலில் ஒரு சாட்சி. சாட்சி சொன்ன குற்றத்துக்காகவே கூண்டில் ஏற்றப்படும் சாட்சி.

அப்படிப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் அமினத்து ஹைதர். 1987-ஆம் ஆண்டு நவம்பரில், ஐ.நா. குழு ஒன்று எல் ஆயுன் நகருக்கு வர இருந்தது. அதன் முன் தங்கள் கோரிக்கையை வைக்க இளைஞர்கள் ஆயத்தம் செய்தார்கள். குழு வருவதற்குள் பலர் வீடுகளிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டனர். அமினத்துக்கு அப்போது இருபது வயது அளவுதான். வழக்கு இல்லை, நீதிபதி இல்லை, குடும்பத்தாருக்கு ஒரு கடிதமும் இல்லை. ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் கண்கள் கட்டப்பட்ட நிலையில் இரகசியக் காவலில் கிடந்தார். அவரைப்போல் இன்னும் பலர் கலாத் மகூனா, அக்டஸ் போன்ற தொலைதூரக் கோட்டைகளில் அடைபட்டிருந்தார்கள். சிலர் 1970-களிலேயே கொண்டு போகப்பட்டவர்கள். அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்று அரசு ஆண்டுக்கணக்கில் மறுத்து வந்தது. 1991 ஜூனில் திடீரென்று முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். இல்லாதவர்கள் எப்படி வெளியே வந்தார்கள்? அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல ஆளில்லை.

வெளியே வந்தவர் வாய்மூடி வாழ்ந்திருக்கலாம். மணந்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானார். ஆனால் சிறையில் கிடந்தவர்களின் பெயர்களைச் சேகரிப்பதையும், காயம்பட்டவர்களின் சாட்சியங்களை எழுதுவதையும் விடவில்லை. 2005 மே மாதம் எல் ஆயுன் நகரில் கிளர்ச்சி மூண்டது. ஜூன் 17 அன்று, பசீரி கைதான அதே நாளின் நினைவில் நடந்த ஊர்வலத்தில், அமினத்துவின் தலை உடைந்தது. மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்தவரை அங்கேயே கைது செய்தார்கள். ஏழு மாதம் 'கறுப்புச் சிறை' என்று மக்கள் அழைக்கும் சிறையில் இருந்து, 2006 ஜனவரியில் வெளிவந்தார்.

2009 நவம்பர் 13. அமெரிக்காவில் ஒரு விருது பெற்றுக்கொண்டு விமானத்தில் ஊர் திரும்புகிறார். இறங்கியதும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வெளிநாடு போய் வந்த பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும். 'மொராக்கோ' என்று எழுதவேண்டும் என அதிகாரிகள் எதிர்பார்த்த இடத்தில் அவர் 'மேற்குச் சகாரா' என்று எழுதினார். இரண்டே சொற்கள். கடவுச்சீட்டைப் பிடுங்கிக் கொண்டு, மறுநாள் அவரை ஸ்பெயினுக்குரிய லான்சரோட்டே தீவுக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தன் குடியுரிமையைத் தானே துறந்தார் என்று அரசு விளக்கம் சொன்னது.

அவர் அந்த விமான நிலையத்திலேயே உட்கார்ந்து உண்ணாவிரதம் தொடங்கினார். ஸ்பெயின் அரசு அகதி உரிமை தருகிறோம், வேண்டுமானால் எங்கள் குடியுரிமையே தருகிறோம் என்று சொல்லிப் பார்த்தது. பலருக்கு அது கிடைத்தற்கரிய பொருள். அவர் மறுத்துவிட்டார். தன் சொந்த வீட்டுக்குப் போக இன்னொரு நாட்டின் அடையாளம் எதற்கு என்பதே அவர் நிலை. 32 நாட்கள். பல அரசாங்கங்கள் தலையிட்ட பிறகு, டிசம்பர் 17 இரவு தன் ஊருக்குத் திரும்பி, தாயையும் பிள்ளைகளையும் கண்டார். 2019-இல் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ஸ்வீடன் நாட்டு விருது அவருக்குக் கிடைத்தது. விருது கிடைத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மறு ஆண்டே, அவரும் பிறரும் சேர்ந்து ஒரு புதிய அமைப்பைத் தொடங்கியதற்காக அவர்கள்மீது விசாரணை அறிவிக்கப்பட்டது.

இப்படி இன்னும் பலர். பிராகிம் தகானே என்பவரும் 1987-இல் காணாமலாக்கப்பட்டு 1991-இல் திரும்பியவர். தம்மைப்போல் துன்புற்றவர்களுக்காக 2005-இல் ஒரு சங்கம் அமைத்தார். பதிவு செய்ய மறுத்தார்கள். மறுத்தது தவறென்று 2006-இல் மொராக்கோ நீதிமன்றமே சொல்லியும் 2015 வரை பதிவு கிடைக்கவில்லை. 2009 அக்டோபரில் அவரும் வேறு ஆறுபேரும் திந்தூப் அகதி முகாம்களில் உறவினரைக் கண்டு திரும்பியபோது காசாபிளாங்கா விமான நிலையத்தில் கைதானார்கள். அதே ஆண்டில் ஸ்வீடன் அரசு அவருக்கு ஒரு மனித உரிமைப் பரிசளித்தது. அவரோ சிறையில் இருந்தார்.

அடுத்ததாகச் சொல்லப்போவது மனத்தை மிகவும் உறுத்துவது. 2010 அக்டோபரில் எல் ஆயுன் நகருக்கு வெளியே, கிதைம் இசிக் என்ற இடத்தில் சஹ்ராவி மக்கள் பல்லாயிரம் பேர் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். வேலை வேண்டும், வீடு வேண்டும், எங்கள் மண்ணின் செல்வத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. நவம்பர் 8 விடியற்காலையில் பாதுகாப்புப் படைகள் அந்தக் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தன. முகாமிலும் நகரிலும் பெரும் கலவரம். பாதுகாப்புப் படையினர் 11 பேர் இறந்தனர் என்று அரசு சொல்கிறது. சஹ்ராவிகள் இருவரும் இறந்தனர்.

அந்தப் பதினொருவருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க வேண்டியது நீதியின் கடமை. அதை மறுப்பவன் மனித உரிமை பேச அருகதையற்றவன். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சட்டம் படித்து, பிரான்சிலும் சொந்த ஊரிலும் உரிமைப் பணி செய்துவந்த நஆமா அஸ்பாரி என்பவரை முகாம் கலைக்கப்படுவதற்கு முந்திய நாளே, நவம்பர் 7-ஆம் தேதியே, பிடித்து வைத்திருந்தார்கள். மறுநாள் நடந்த மரணங்களுக்காக அவருக்கு 30 ஆண்டுச் சிறை! பொதுமக்களாகிய அவர்களை விசாரித்தது இராணுவ நீதிமன்றம். தீர்ப்பு 2013 பிப்ரவரியில். சான்று என்று முன்வைக்கப்பட்டவற்றில் முக்கியமானவை காவலில் எழுதி வாங்கிய வாக்குமூலங்கள். சித்திரவதை செய்து வாங்கினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் முறையிட்டார்கள். அதை ஒழுங்காக விசாரிக்கவில்லை. 2016-இல் ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்புக் குழு அஸ்பாரியின் முறையீட்டை ஏற்று, மொராக்கோ தான் கையொப்பமிட்ட உடன்படிக்கையை மீறிவிட்டது என்று முடிவு சொன்னது. அதே ஆண்டு மொராக்கோவின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் இராணுவத் தீர்ப்பை நீக்கியது. புது விசாரணை, இம்முறை பொது நீதிமன்றத்தில். 2017 ஜூலையில் வந்த தீர்ப்பும் பெரும்பாலோர்க்கு ஏறக்குறைய பழையதாகவே இருந்தது: சிலருக்கு 20, 25, 30 ஆண்டுகள்; எண்மருக்கு ஆயுள். 2020 நவம்பரில் அது உறுதி செய்யப்பட்டது. 2023-இல் ஐ.நா.வின் மற்றொரு குழு, காரணமின்றிச் சிறைவைத்தலை ஆராயும் குழு, இவர்கள் சிறைவைக்கப்பட்டது சட்டத்துக்கு மாறானது என்று கூறியது. கதவு திறக்கவில்லை.

அடித்து வாங்கிய வாக்குமூலம் கொல்லப்பட்டவனின் தாய்க்கும் நீதி ஆகாது. உண்மையில் கொன்றவன் வெளியே திரிகிறானோ என்ற சந்தேகத்தை அவளுக்கு அது கொடுத்துவிட்டுப் போகிறது.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நான் வழக்கறிஞன் ஆகிவிடுவேன். போலிசாரியோவும் கறையற்றதல்ல. போரில் பிடித்த மொராக்கோ வீரர்களைப் போர் நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. கடைசி 404 பேர் 2005 ஆகஸ்டில்தான் விடுதலையானார்கள். இருபது வயதில் போனவர்கள் தலை நரைத்து வந்தார்கள். முஸ்தபா சல்மா என்பவர் போலிசாரியோவின் போலீஸ் அதிகாரி. மொராக்கோ சொல்லும் தன்னாட்சித் திட்டமே மேல் என்று 2010-இல் வெளிப்படையாகச் சொன்னார். முகாமுக்குத் திரும்பும் வழியில் பிடிபட்டு, பிறகு மொரித்தானியாவில் கொண்டுபோய் விடப்பட்டார். மனைவி மக்கள் முகாமில். இவர் சொன்ன கருத்து அமினத்துவின் கருத்துக்கு நேர் எதிரானது. இருவருக்கும் நேர்ந்தது ஒன்றே. மொராக்கோவிலும் நல்லவர்கள் இல்லாமலில்லை. இன்றைய மன்னர் 2004-இல் ஒரு நீதி, நல்லிணக்கக் குழு அமைத்து, தந்தையின் காலத்துக் கொடுமைகளை விசாரிக்கச் செய்தார், இழப்பீடும் கொடுத்தார்கள். அரபு நாடுகளில் அது புதுமை. ஆனால் எல் ஆயுன் நகரில் நடக்கவிருந்த பகிரங்க விசாரணை மட்டும் நடக்காமலே போயிற்று.

ஐ.நா. அங்கே இருக்கிறதே, பார்த்துக் கொள்ளாதா என்று கேட்பீர்கள். போர் நிறுத்தத்தைக் கவனிப்பதற்கே அந்தத் தூதுப்படைக்கு அதிகாரம். மனித உரிமை மீறலைக் கண்காணிக்கும் பொறுப்பு அதற்குத் தரப்படவில்லை. ஊர்வலத்தில் அடிவிழுந்தாலும் எழுதி அனுப்ப வேண்டிய கடமை அதற்கில்லை. 2013-இல் அமெரிக்கா அந்தப் பொறுப்பையும் சேர்க்கலாம் என்று எழுதிப் பார்த்தது. மொராக்கோ கடுமையாக எதிர்த்ததால் கைவிட்டது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தாருக்கு 2015-க்குப் பிறகு அங்கு செல்ல வாய்ப்புத் தரப்படவில்லை. வெளியார் கண் இல்லாத இடத்தில் உள்ளூர்க்காரரின் கண்தான் மிச்சம். அதனால்தான் அந்தக் கண்மேல் அடி விழுகிறது. இதை உவமையாக மட்டும் சொல்லவில்லை. சுல்தானா கையா என்ற பெண், 2007-இல் மராகேஷ் நகரில் மாணவர் போராட்டத்தில் போலீசார் அடித்து ஒரு கண்ணை இழந்தவர். 2020 நவம்பரில் மீண்டும் போர் மூண்டபோது பூஜ்தூர் ஊரில் அவருடைய வீட்டைப் போலீசார் சூழ்ந்து கொண்டார்கள். நீதிமன்ற ஆணை எதுவுமின்றி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பம் வீட்டுக்குள்ளேயே அடைபட்டது. 2022 ஜூனில்தான் அவர் சிகிச்சைக்காக ஸ்பெயின் போக முடிந்தது.

அரசியல் காற்றும் அவர்கள் பக்கம் வீசவில்லை. 2020 டிசம்பர் 10, உலக மனித உரிமை நாள். அன்றுதான் அமெரிக்கா மேற்குச் சகாரா மொராக்கோவுக்குரியது என்று அறிவித்தது! 2025 அக்டோபர் 31-இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையும் மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக ஏற்றது. இடையிலே 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், அந்த மக்களின் சம்மதமின்றி அவர்கள் கடலையும் விளைச்சலையும் பேரம் பேசியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. எந்தத் தீர்வு வந்தாலும் வரட்டும். அதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் தீர்வு வரும்வரை அடிபட்டவனின் பெயரை எழுதுகிறவரைச் சிறையில் போட எந்தத் தரப்புக்கும் உரிமையில்லை. மனித உரிமைக் காவலர்களைக் காக்கவேண்டும் என்று 1998-இல் ஐ.நா. பொதுச்சபையே அறிக்கை நிறைவேற்றியிருக்கிறது.

இனி, அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம்மவர்கள் அங்கே இருக்கிறார்களா? எல் ஆயுன் நகரில் புனித அசிசி பிரான்சிஸ் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. ஸ்பானியர் காலத்தில் கட்டியது. மறைமாவட்டம் என்று சொல்லுமளவு பெரிதன்று. ஸ்பானியர் போனபின் கத்தோலிக்கர் ஒரு சிலரே எஞ்சினர். அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் ஓரிருவர் கதவைப் பூட்டாமல் காத்து வருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1847 முதல் உழைத்துவரும் அதே சபைதான். சஹ்ராவிகள் எல்லாரும் இசுலாமியர். நான் சொன்ன பெயர்களில் ஒருவர்கூட நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் வரக்கூடியவர் அல்லர். நம்மவர் என்பதற்குப் பதிவேடுதான் அளவா என்பதைத் தம்பியிடமே விட்டுவிடுகிறேன்.

கிதைம் இசிக் கைதிகளில் பலர் மொராக்கோவின் வடபகுதிச் சிறைகளில், கெனித்ரா போன்ற இடங்களில் வைக்கப்பட்டார்கள். எல் ஆயுனிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். தாய்மாரும் மனைவியரும் அத்தனை தூரமும் பயணம் செய்துதான் சிறைவாசலில் நிற்க வேண்டும். அஸ்பாரியின் மனைவி குளோத் மான்ஜான் பிரெஞ்சுப் பெண். ஐ.நா. குழுவின் முடிவு வந்த காலத்திலிருந்து அவரை மொராக்கோவுக்குள் நுழையவிடாமல் பலமுறை திருப்பி அனுப்பினார்கள். 2018-இல் பாரிஸ் அருகே இவ்ரி நகரில் 30 நாட்கள் உண்ணாமல் கிடந்து, கணவரைப் பார்க்க அனுமதி கேட்டார்.